கிளவுட் ஸ்டேஜிங்: டேட்டாபேஸில் ஏற்றும் முன் இணைப்பைச் சரியாக அமைப்பது எப்படி

பெரிய அளவு டேட்டாவை இன்செர்ட் கட்டளையால் ஒவ்வொரு பதிவாக ஏற்றினால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் அறுந்தால் எதுவரை ஏறியது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். அதனால்தான் ஸ்னோஃப்ளேக், அமேசானின் ரெட்ஷிஃப்ட், கூகுளின் பிக்குவெரி ஆகிய கிளவுட் டேட்டாபேஸ்கள் எல்லாமே ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. ஃபைல்களை முதலில் அமேசான் கிளவுடின் (ஏடபிள்யூஎஸ்) எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்டின் அஷூர் ப்ளாப் போன்ற கிளவுட் சேமிப்பு ஒன்றில் இறக்கி வைக்க வேண்டும். டேட்டாபேஸ் ஒரே கட்டளையில் பல ஃபைல்களை ஒரே நேரத்தில் அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். இப்படி இடையில் இறக்கி வைப்பதுதான் ஸ்டேஜிங்.

இந்த அமைப்பு தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஃபைலை வைப்பவரும் எடுப்பவரும் ஒரே சாவியைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. வைப்பவர் முடித்துவிட்டாரா என்பதை எடுப்பவர் ஊகித்துக்கொள்வது இன்னொன்று. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே சரிசெய்துவிட்டால் மற்றவை எல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்களே.

பக்கெட்டும் பாதையும்

ஸ்டேஜிங்குக்குத் தனி பக்கெட் (கிளவுட் சேமிப்பில் ஃபைல்களை வைக்கும் கொள்கலன்) வையுங்கள். ஏற்கெனவே உள்ள பக்கெட்டில் ஒரு ஃபோல்டரை ஒதுக்கினால் போதுமே என்று தோன்றும். ஆனால் அனுமதி, என்கிரிப்ஷன், தானாக அழிக்கும் விதி ஆகியவற்றில் பல பக்கெட் மட்டத்தில்தான் அமைகின்றன. பிறகு பிரிப்பது கடினம். பக்கெட், டேட்டாபேஸ் இருக்கும் அதே ரீஜனில் (கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) இருக்கட்டும். வேறு ரீஜனில் வைத்தால் டேட்டா வெளியே போகும் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு, வேகமும் குறையும். ரெட்ஷிஃப்ட்டில் ஃபைல்களை ஏற்றும் காப்பி கட்டளைக்கு ரீஜனைத் தனியாகக் குறிப்பிட வேண்டியும் வரும். பிக்குவெரியில் இது இன்னும் கண்டிப்பு: டேட்டாசெட்டும் (டேபிள்களின் தொகுப்பு) பக்கெட்டும் பொருந்தாத இடங்களில் இருந்தால் லோட் வேலை தொடங்கவே செய்யாது. டேட்டாசெட்டின் இடத்தைப் பிறகு மாற்றவும் முடியாது.

எஸ்3 பக்கெட் பெயர் 3 முதல் 63 எழுத்துகளுக்குள், சிறிய எழுத்துகளிலும் எண்களிலும் அமைய வேண்டும். இடையில் ஹைஃபன் போடலாம். புள்ளியும் அனுமதிக்கப்படுகிறது, ஆனால் போடாதீர்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் சரிபார்ப்பில் இடிக்கும். 2023 ஏப்ரல் முதல் புதிய எஸ்3 பக்கெட்டுகளில் பொது அணுகல் தடை தானாகவே போடப்பட்டிருக்கும். அதற்கு முன் உருவாக்கிய பக்கெட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால் அந்தத் தடையை நீங்களே போட வேண்டும்.

பாதையை மூல அமைப்பு, டேபிள், தேதி, பேட்ச் (ஒரே தடவையில் ஏற்றும் ஃபைல்களின் தொகுதி) எண் என்ற வரிசையில் அமைத்தால் போதும். ஃபைல் பெயர்களில் இடைவெளியும் கூட்டல் குறியும் வேண்டாம். யூஆர்எல் ஆக மாறும்போது குழப்பும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (இங்கே ஒவ்வொரு ஃபைலும் ஓர் ஆப்ஜெக்ட்) உண்மையான ஃபோல்டர் பொதுவாகக் கிடையாது. பாதை என்பது பெயரின் முன்பகுதி மட்டுமே. ‘ஆர்டர்ஸ்’ என்று கொடுத்தால் ‘ஆர்டர்ஸ்/’ என்பதற்குள் இருப்பவை மட்டும் வராது. ‘ஆர்டர்ஸ்-பழையது/’ என்பதில் இருப்பவையும் சேர்ந்து வரும். பாதையின் முடிவில் சாய்கோட்டை எப்போதும் போடுங்கள். இந்த ஒரு குறி விடுபட்டதால் டேபிளில் பழைய டேட்டா கலந்துபோவது அடிக்கடி நடக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராததால் நாள்கணக்கில் யாருக்கும் தெரியாது.

வலைத்திரையில் ‘ஃபோல்டர் உருவாக்கு’ பட்டனை அழுத்தினால் எஸ்3 அந்தப் பெயரில் 0 பைட் ஆப்ஜெக்ட் ஒன்றை வைத்துவிடும். ஏற்றும் கட்டளை அதையும் ஒரு ஃபைலாக எண்ணலாம். ஃபோல்டரைத் தனியே உருவாக்கத் தேவையே இல்லை. ஃபைலை அந்தப் பாதையில் எழுதினாலே போதும்.

இரண்டு அடையாளங்கள்

எழுதும் நிரலுக்கு ஓர் அடையாளம், படிக்கும் டேட்டாபேஸுக்கு வேறோர் அடையாளம். எழுதுபவருக்குப் புட் ஆப்ஜெக்ட் (ஃபைலை எழுத) அனுமதி, அதுவும் அவருடைய பாதைக்கு மட்டும். பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக ஏற்றினால், பாதியில் கைவிட்ட துண்டுகளை நீக்க அபார்ட் மல்டிபார்ட் அப்லோட் அனுமதியும் தேவை. டேட்டாபேஸுக்குக் கெட் ஆப்ஜெக்ட் (ஃபைலைப் படிக்க), லிஸ்ட் பக்கெட் (பட்டியலிட). ஸ்னோஃப்ளேக் என்றால் இவற்றோடு கெட் ஆப்ஜெக்ட் வெர்ஷன், கெட் பக்கெட் லொகேஷன் இரண்டையும் சேர்க்கவும். ஏற்றி முடித்ததும் ஃபைலை அழிக்கும் பர்ஜ் வசதி வேண்டுமென்றால் மட்டும் டிலீட் ஆப்ஜெக்ட். தொடக்கத்தில் அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஏற்றியதில் தவறு என்று தெரியவரும்போது மூல ஃபைல் கையில் இருந்தால்தான் திரும்ப ஏற்ற முடியும்.

பாலிசி (யாருக்கு எதைச் செய்ய அனுமதி என்று சொல்லும் விதி) எழுதும்போது பலர் இடறும் இடம் ஒன்று. லிஸ்ட் பக்கெட் என்பது பக்கெட்டின் மீதான அனுமதி. கெட் ஆப்ஜெக்ட், பக்கெட்டுக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் மீதான அனுமதி. எனவே முதலாவதற்கு ரிசோர்ஸாகப் பக்கெட்டின் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் உள்ள முழு அடையாளப் பெயர்) மட்டும் வர வேண்டும். இரண்டாவதற்கு அதன் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒரே ரிசோர்ஸோடு எழுதினால் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. பட்டியலைக் குறிப்பிட்ட பாதைக்குள் கட்டுப்படுத்த, எஸ்3 ப்ரீஃபிக்ஸ் என்ற நிபந்தனையை லிஸ்ட் பக்கெட் வாக்கியத்தில் சேர்க்க வேண்டும்.

கேஎம்எஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் என்கிரிப்ட் செய்த பக்கெட் என்றால் எஸ்3 அனுமதி மட்டும் போதாது. படிப்பவருக்கு அந்தச் சாவியின் மீது டிக்ரிப்ட் அனுமதி வேண்டும். எழுதுபவருக்கு ஜெனரேட் டேட்டா கீ அனுமதியும், துண்டுகளாக ஏற்றினால் டிக்ரிப்ட் அனுமதியும் சேர்ந்து வேண்டும். வேறு கணக்கின் சாவி என்றால் அந்தச் சாவியின் பாலிசியிலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். இது விடுபட்டால் பட்டியல் அழகாக வரும், படிக்கும்போது மட்டும் 403 (அனுமதி மறுப்புப் பிழை) வரும்.

நிரந்தர அக்சஸ் கீயையும் ரகசியச் சாவியையும் காப்பி கட்டளைக்குள் ஒட்டும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். கட்டளை கோட் ரெபாசிட்டரிக்குப் போகும், அங்கிருந்து யார் கைக்கும் போகும். சாவியை மாற்ற வேண்டிய நாளில் எங்கெங்கே ஒட்டினோம் என்று தேடவும் வேண்டியிருக்கும். தற்காலிகச் சான்றுகளைத் தரும் ரோல் முறை எல்லா முக்கிய டேட்டாபேஸ்களிலும் இருக்கிறது.

ஸ்னோஃப்ளேக்கும் எஸ்3யும்

இங்கே வரிசை முக்கியம். ஏனென்றால் இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். ஆனால் முதலில் ஒரு பக்கத்தை உருவாக்கினால்தான் மறுபக்கத்தின் விவரம் கிடைக்கும்.

1. ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பகுதியில் மேலே சொன்ன படிக்கும் பாலிசியை உருவாக்குங்கள்.

2. ஒரு ரோலை உருவாக்கி அந்தப் பாலிசியை இணையுங்கள். யாரை நம்புவது என்று கேட்கும் இடத்தில் தற்காலிகமாக உங்கள் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். எக்ஸ்டர்னல் ஐடிக்கு 0000 போன்ற ஒன்றை வையுங்கள். ரோலின் ஏஆர்என்னைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஸ்னோஃப்ளேக்கில் அக்கவுண்ட் அட்மின் ரோலில், அல்லது கிரியேட் இன்டக்ரேஷன் உரிமை பெற்ற ரோலில், ஸ்டோரேஜ் இன்டக்ரேஷனை (எந்த ரோல் வழியாகப் பக்கெட்டை அடைவது என்ற இணைப்பு அமைப்பு) உருவாக்குங்கள். வகை எக்ஸ்டர்னல் ஸ்டேஜ், வழங்குநர் எஸ்3, ஏஆர்என் நீங்கள் குறித்துக்கொண்டது. அனுமதித்த இடங்கள் என்ற பட்டியலில் முழு பக்கெட்டைத் தராமல், தேவையான பாதையை மட்டும் சாய்கோட்டோடு தாருங்கள்.

4. டிஸ்க்ரைப் இன்டக்ரேஷன் கட்டளையை ஓட்டுங்கள். ஸ்னோஃப்ளேக்கின் ஐஏஎம் யூசர் ஏஆர்என், எக்ஸ்டர்னல் ஐடி என இரண்டு மதிப்புகள் கிடைக்கும். ஏடபிள்யூஎஸ் ரோலின் ட்ரஸ்ட் பாலிசிக்கு (ரோலை யார் ஏற்கலாம் என்று சொல்வது) திரும்பிப்போய், தற்காலிகமாக வைத்தவற்றை நீக்கி இவற்றை வையுங்கள்.

5. ஸ்டேஜை (பக்கெட் பாதையைச் சுட்டும் ஸ்னோஃப்ளேக் அமைப்பு) உருவாக்கும் ரோலுக்கு இன்டக்ரேஷன் மீது யூசேஜ் உரிமையும், ஸ்கீமா மீது கிரியேட் ஸ்டேஜ் உரிமையும் கொடுங்கள். பிறகு அந்த ரோலில் ஸ்டேஜை உருவாக்குங்கள்.

எக்ஸ்டர்னல் ஐடியைத் தேவையில்லாத சடங்காக எண்ணி நீக்கிவிடாதீர்கள். உங்கள் ரோலின் ஏஆர்என் வேறொருவருக்குத் தெரிந்துபோனால், அதே சேவையைப் பயன்படுத்தும் அவர் அந்தச் சேவையின் வழியாகவே உங்கள் பக்கெட்டைத் திறக்கப் பார்க்கலாம். அதைத் தடுப்பது இந்த ஐடிதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்டக்ரேஷனைக் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் கொண்டு மறுபடி உருவாக்காதீர்கள். நீங்களாகவே எக்ஸ்டர்னல் ஐடியைக் குறிப்பிட்டிருந்தால் தவிர, புதிய ஐடி பிறக்கும். ட்ரஸ்ட் பாலிசி பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டேஜுக்கும் இன்டக்ரேஷனுக்கும் இடையிலான பிணைப்பும் அறுந்துவிடும். பாதை சேர்க்க வேண்டுமென்றால் ஆல்டர் கட்டளை போதும். அப்போதும் பழைய பாதைகளையும் சேர்த்து முழுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். புதியதை மட்டும் கொடுத்தால் பழையவை போய்விடும். அனுமதியைப் பறிக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். தற்காலிகச் சான்றுகள் 60 நிமிடம் வரை தேக்கி வைக்கப்படுவதால், பறித்த பிறகும் சிறிது நேரம் படிக்க முடியும்.

மற்ற இணைப்புகள்

ரெட்ஷிஃப்ட்டில் ரோலின் ட்ரஸ்ட் பாலிசியில் ரெட்ஷிஃப்ட் சேவையைக் குறிப்பிட்டு, பிறகு அந்த ரோலைக் கிளஸ்டருடன் (ரெட்ஷிஃப்ட் ஓடும் கணினிகளின் தொகுதி) இணைக்க வேண்டும். இரண்டாவது படியை மறப்பவர்கள் அதிகம். ரோல் சரியாக இருந்தும் காப்பி கட்டளை மறுக்கும்.

அமேசான் நிர்வகிக்கும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸில் ஏடபிள்யூஎஸ் எஸ்3 எக்ஸ்டென்ஷனை நிறுவி, ரோலை எஸ்3 இம்போர்ட் என்ற அம்சத்துக்கென இணைக்க வேண்டும். அங்கே ஜிஸிப் முறையில் சுருக்கிய ஃபைலை ஏற்றுவதாக இருந்தால், கன்டென்ட் என்கோடிங் என்ற மெட்டாடேட்டாவில் ஜிஸிப் என்று குறித்திருக்க வேண்டும். பெயரின் முடிவைப் பார்த்து அது தானாகப் புரிந்துகொள்ளாது.

பிக்குவெரியில் லோட் வேலையை யார் ஓட்டுகிறாரோ அவருடைய அனுமதிதான் பக்கெட்டில் பார்க்கப்படும். ஸ்டோரேஜ் ஆப்ஜெக்ட் வியூவர் ரோல் பெரும்பாலும் போதும். ஸ்னோஃப்ளேக்கை கூகுள் கிளவுடோடு இணைக்கும்போது மட்டும் இந்த ரோல் போதாது. பக்கெட்ஸ் கெட் அனுமதி அதில் இல்லாததால், தனி ரோல் ஒன்றை வகுக்க வேண்டும்.

அஷூரில் ஓனர் ரோல் இருந்தும் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்ற குழப்பம் அடிக்கடி வரும். ஓனர், கான்ட்ரிபியூட்டர் இரண்டும் கணக்கை நிர்வகிக்கும் உரிமைகள். டேட்டாவைப் படிக்க ஸ்டோரேஜ் ப்ளாப் டேட்டா ரீடர் என்ற ரோல் தனியாக வேண்டும். கொடுத்தபின் நடைமுறைக்கு வர 10 நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து வேறு எதையாவது மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். எஸ்ஏஎஸ் டோக்கன் (குறிப்பிட்ட காலத்துக்கு அணுகல் தரும் சான்று) பயன்படுத்தினால் காலாவதி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தொடக்க நேரத்தை ‘இப்போது’ என்று வைக்காமல் 15 நிமிடம் முன்னதாக வையுங்கள். இரு கணினிகளின் கடிகாரங்களுக்கு இடையிலான சிறு வித்தியாசம்கூட டோக்கனை மறுக்கச் செய்யும். அஷூர் எஸ்கியூஎல்லில் டோக்கனைச் சேமிக்கும்போது முன்னால் இருக்கும் கேள்விக்குறியை நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

வலைப்பாதை

தனி வலையமைப்புக்குள் இருக்கும் டேட்டாபேஸ், எஸ்3யை அடைய ஒரு வழி வேண்டும். எஸ்3யை நேராக அடையும் வழியான கேட்வே எண்ட்பாயிண்ட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதை வைக்காமல், இணையத்துக்குச் செல்லும் பொது வழியான நேட் கேட்வே வழியாக விட்டால் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் பணம் போகும். எண்ட்பாயிண்ட்டை உருவாக்கியபின் சரியான ரூட் டேபிளோடு (எது எந்த வழியில் போகும் என்ற பட்டியல்) சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரெட்ஷிஃப்ட்டில் மேம்பட்ட விபிசி ரூட்டிங் (டேட்டாவை உங்கள் தனி வலையமைப்பு வழியாகவே போகச் செய்யும் அமைப்பு) இயக்கப்பட்டு, வழி எதுவும் இல்லாவிட்டால், காப்பி கட்டளை பிழை சொல்லாமல் நீண்டநேரம் தொங்கி நின்று கடைசியில் டைம்அவுட் ஆகும். அனுமதிக் குறைபாடு உடனே மறுக்கும், வழி இல்லாமை காக்க வைக்கும். எந்தப் பக்கம் தேடுவது என்று இந்த வேறுபாடே சொல்லிவிடும்.

பக்கெட் பாலிசியில் ஐபி முகவரியை வைத்துக் கட்டுப்படுத்தியிருந்தால், எண்ட்பாயிண்ட் வழியே வரும் கோரிக்கைகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அங்கே எந்த எண்ட்பாயிண்ட் என்று பார்க்கும் சோர்ஸ் விபிசிஇ நிபந்தனையை எழுத வேண்டும்.

ஃபைல்கள் எப்படி இருக்க வேண்டும்

10 ஜிபி ஜிஸிப் ஃபைல் ஒன்றை வைத்துவிட்டு ஏற்றம் மெதுவாக இருக்கிறது என்று டேட்டாபேஸின் அளவைக் கூட்டுவது வீண் செலவு. ஜிஸிப் ஃபைலை நடுவிலிருந்து படிக்க முடியாது, ஆகவே டேட்டாபேஸின் ஒரே ஒரு பகுதி உழைக்க மற்றவை சும்மா நிற்கும். ஸ்னோஃப்ளேக்குக்குச் சுருக்கிய நிலையில் 100 முதல் 250 எம்பி வரை உள்ள ஃபைல்கள் பொருத்தம். ரெட்ஷிஃப்ட்டில் 1 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்கலாம்; ஃபைல்களின் எண்ணிக்கை கிளஸ்டரிலுள்ள ஸ்லைஸ்களின் (வேலையைப் பிரித்துச் செய்யும் பகுதிகள்) மடங்காக இருந்தால் எல்லா ஸ்லைஸ்களும் ஒன்றாக வேலை முடிக்கும். பிக்குவெரியில் ஜிஸிப் சிஎஸ்வி ஒரு ஃபைலுக்கு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. மறுமுனையில், சில கேபி அளவில் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களும் வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து மூடும் நேரமே ஏற்றும் நேரத்தை விழுங்கிவிடும்.

சிஎஸ்வியைத் துண்டாக்கும்போது வரி எண்ணிக்கையை வைத்து வெட்டும் கருவிகள், மேற்கோளுக்குள் வரிமுறிவு இருக்கும் பதிவை இரண்டாகக் கிழித்துவிடும். முகவரி, குறிப்பு போன்ற நெடுவரிசைகள் இருந்தால் சிஎஸ்வியைப் புரிந்துகொள்ளும் கருவியால் மட்டும் வெட்டுங்கள். தலைப்பு வரி முதல் துண்டில் மட்டும் இருந்து, ‘ஒரு வரியைத் தாண்டு’ என்ற அமைப்பும் போட்டிருந்தால், மீதி ஒவ்வொரு துண்டிலும் ஒரு உண்மையான பதிவு சத்தமில்லாமல் தொலையும். எல்லாத் துண்டிலும் தலைப்பு இருக்கட்டும், அல்லது எதிலுமே வேண்டாம். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8. ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் (குறியாக்கத்தைக் காட்டும் அடையாளம்) பைட்டுகள் இருந்தால் முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தாமல் போகலாம். நல் (மதிப்பே இல்லை என்ற குறி) மதிப்பையும் வெற்றுச் சரத்தையும் எப்படி வேறுபடுத்துவது என்பதை எழுதுபவரும் படிப்பவரும் முன்னதாகவே பேசி முடிவு செய்ய வேண்டும். வாய்ப்பிருந்தால் பார்க்கே (நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் ஃபைல்) வடிவத்துக்கு மாறிவிடுங்கள். இந்தப் பத்தியிலுள்ள தொல்லைகள் ஏறக்குறைய எல்லாம் ஒழியும்.

முடிந்தது என்று சொல்லும் ஃபைல்

2020 டிசம்பர் முதல் எஸ்3யில் எழுதிய உடனேயே படித்தாலும் பட்டியலிட்டாலும் புதிய நிலையே தெரியும். ஆனால் அது ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தனித்தனியாகத் தரும் உறுதி. 40 ஃபைல்கள் கொண்ட பேட்ச்சில் 23 மட்டுமே வந்திருக்கும் நேரத்தில் டேட்டாபேஸ் படிக்கத் தொடங்கினால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. வேறு பெயரில் எழுதிவிட்டுக் கடைசியில் பெயர் மாற்றும் பழைய உத்தியும் இங்கே பலிக்காது. வழக்கமான எஸ்3 பக்கெட்டில் பெயர் மாற்றம் என்பது நகலெடுத்துப் பழையதை அழிப்பதே. 40 ஃபைல்களுக்கு அது 40 தனிச் செயல்கள்.

எல்லா ஃபைல்களையும் எழுதி முடித்தபின் கடைசியாக ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைலை எழுதுங்கள். அதில் ஒவ்வொரு ஃபைலின் முழுப் பாதை, பைட் அளவு, பதிவு எண்ணிக்கை இருக்கட்டும். படிப்பவர் மேனிஃபெஸ்ட் வந்த பிறகே தொடங்க வேண்டும், அதிலுள்ள ஃபைல்களை மட்டுமே ஏற்ற வேண்டும். ரெட்ஷிஃப்ட் தனக்கென ஒரு மேனிஃபெஸ்ட் வடிவத்தை ஏற்கிறது. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மேண்டேட்டரி மதிப்பை ட்ரூ என்று வையுங்கள். இயல்பு மதிப்பு ஃபால்ஸ் என்பதால், ஃபைல் காணாமல் போனாலும் கட்டளை வெற்றி என்றே சொல்லும். ஸ்னோஃப்ளேக்கின் காப்பி கட்டளையில் ஃபைல்ஸ் பட்டியலில் 1000 பெயர்கள் வரை கொடுக்கலாம்.

ஃபைல் முழுதாக வந்ததா என்று எஸ்3 தரும் ஈடேக் மதிப்பை எம்டி5 செக்சம்மோடு (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு மதிப்பு) ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. துண்டுகளாக ஏற்றிய ஃபைலுக்கும் கேஎம்எஸ் என்கிரிப்ஷன் உள்ள ஃபைலுக்கும் ஈடேக் எம்டி5 ஆக இருக்காது. செக்சம்மை நீங்களே கணக்கிட்டு மேனிஃபெஸ்ட்டில் சேர்ப்பதுதான் நம்பகமானது.

சோதனை, பிழைச் செய்திகள்

உங்கள் கணினியிலிருந்து உங்கள் அட்மின் அடையாளத்தோடு ஃபைலைத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. டேட்டாபேஸுக்குள்ளிருந்து, உண்மையில் ஓடப்போகும் ரோலில் சோதியுங்கள். முதலில் லிஸ்ட் கட்டளையால் ஸ்டேஜைப் பட்டியலிடுங்கள். அடுத்து ஒரு சிறு ஃபைலின் முதல் சில பதிவுகளை ஸ்டேஜிலிருந்தே செலக்ட் செய்யுங்கள். பிறகு ஏற்றாமல் சரிபார்க்கும் முறையில் ஓட்டுங்கள். ஸ்னோஃப்ளேக்கில் வேலிடேஷன் மோட், ரெட்ஷிஃப்ட்டில் நோலோட். கடைசியில்தான் உண்மையான ஏற்றம். ஒவ்வொரு படியும் வேறொரு அனுமதியைத் தொடுவதால் எங்கே நிற்கிறதோ அங்கே காரணம் இருக்கும்.

403 வந்தால் உடனே அனுமதிக் குறை என்று முடிவு கட்ட வேண்டாம். லிஸ்ட் பக்கெட் அனுமதி இல்லாதவருக்கு, இல்லாத ஃபைலைக் கேட்டாலும் எஸ்3 404 (ஃபைல் இல்லை) சொல்லாமல் 403தான் சொல்லும். பாதையில் ஓர் எழுத்து தவறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். 301 வந்தால் ரீஜன் தவறு. நேர வித்தியாசம் பற்றிய பிழை வந்தால் அனுப்பும் கணினியின் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கிறது. அசூம் ரோல் (ரோலை ஏற்பது) தொடர்பான பிழை என்றால் ட்ரஸ்ட் பாலிசியையும் எக்ஸ்டர்னல் ஐடியையும் பாருங்கள்; பக்கெட் பாலிசியைத் தோண்டுவதில் பயனில்லை. ரெட்ஷிஃப்ட்டில் பதிவு மட்டத்துப் பிழைகளுக்கு எஸ்டிஎல் லோட் எரர்ஸ் டேபிளில் ஃபைல் பெயர், வரி எண், நெடுவரிசை எல்லாம் இருக்கும்.

இரண்டு முறை ஏறினால்

ஏற்றும் வேலை பாதியில் விழுந்து மறுபடி ஓடும் நாள் நிச்சயம் வரும். ஸ்னோஃப்ளேக் எந்த ஃபைலை ஏற்றியது என்பதை 64 நாள் நினைவில் வைத்து, அதே ஃபைலைத் தாண்டிச் செல்லும். காப்பி கட்டளையில் ஃபோர்ஸ் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். டேபிளைக் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் செய்தாலும் அந்த நினைவு அழிந்துவிடும். ரெட்ஷிஃப்ட்டின் சாதாரண காப்பி கட்டளைக்கு இந்த நினைவே கிடையாது. இரண்டு முறை ஓட்டினால் இரண்டு மடங்கு பதிவுகள். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான டேபிள்கள் எதிலும் அது வெறும் அறிவிப்பே, மீறினாலும் தடுக்காது.

ஆகவே இறுதி டேபிளில் நேராக ஏற்றாமல், ஒரு இடைநிலை டேபிளைக் காலி செய்து அதில் ஏற்றுங்கள். பதிவு எண்ணிக்கையை மேனிஃபெஸ்ட்டோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் இறுதி டேபிளோடு மெர்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவோடும் பேட்ச் எண்ணையும் மூல ஃபைலின் பெயரையும் சேர்த்து வைத்தால், தவறான பேட்ச்சை மட்டும் பிடுங்கி எடுக்க முடியும். பிக்குவெரியில் வேலைக்கான ஐடியைப் பேட்ச் எண்ணிலிருந்து நீங்களே உருவாக்கிக் கொடுத்தால், அதே கோரிக்கை மறுபடி போனாலும் இரண்டாவது வேலை பிறக்காது.

பழையதை அழிப்பது

லைஃப்சைக்கிள் (தானாக அழிக்கும்) விதியில் ஸ்டேஜிங் பாதைக்கு ஒரு காலக்கெடு வையுங்கள். மூலத்திலிருந்து மறுபடி எடுக்க முடியும் என்றால் 7 நாள், முடியாது என்றால் 30 நாளோ அதற்கு மேலோ. அதே விதியில், முடிவடையாத மல்டிபார்ட் அப்லோடுகளை நீக்கும் அமைப்பையும் சேருங்கள். பாதியில் அறுந்த அப்லோடின் துண்டுகள் வழக்கமான பட்டியலில் தெரியாது, ஆனால் கட்டணத்தில் தெரியும். பக்கெட்டில் வெர்ஷனிங் (பழைய நகல்களையும் வைத்திருக்கும் வசதி) இயக்கியிருந்தால் காலாவதி விதி டிலீட் மார்க்கரை (அழிந்ததாகக் காட்டும் குறி) மட்டுமே வைக்கும், பழைய வெர்ஷன்கள் அப்படியே இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றுக்கென நான்கரண்ட் வெர்ஷன் காலாவதியைத் தனியே குறிப்பிட வேண்டும்.